எந்த ஏரியா

பூஜ்யம் என்றது.
மறுபடி தட்டினேன். பூஜ்யம்.
செயலியின் கொடிகளில் வி.எம்.எக்ஸ் எத்தனை என்று கேட்டால்
பதினாறு வரவேண்டிய இடத்தில்
ஒற்றை முட்டை.

சூரியநாராயணா செட்டி தெரு, இரண்டாம் மாடி.
கீழே வலைக்கயிறு கடை.
மேலே நாங்கள்: துறைமுகத்தில் சரக்கு இறங்கத்
தாள் எழுதும் ஆபீஸ்.
சனிக்கிழமை ராத்திரி, ஆள் இல்லை.
ஏசி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது
காலி பெயிண்ட் டப்பாவில்.

மூன்று கிழட்டுக் கணினிகள்.
ஒன்றில் கணக்கு. ஒன்றில் சுங்கப் படிவம்.
ஒன்றில் என்ன ஓடுகிறதென்று
நிறுத்தினால்தான் தெரியும்,
அதனால் யாரும் நிறுத்தியதில்லை.
உப்புக்காற்று மூன்றின் திருகுகளையும் தின்றுவிட்டது.
மூன்றையும் இந்த ஒரு சர்வருக்குள்
குடிவைக்க வேண்டும், திங்கள் காலைக்குள்.

விற்ற மஸ்தானுக்கு போன் போட்டேன்.
"ஆறு வருஷம் ஓடின மெஷின் மேடம்,
ஒரு நாள் மக்கர் பண்ணல."
பின்னால் கல்யாண மண்டபச் சத்தம்.
"எதுக்கும் பயாஸைப் பாத்தீங்களா?"
பார்த்திருக்கவில்லை.
பார்த்தேன் என்றேன்.

அணைத்து, எழுப்பி, எஃப் டூவைக்
கொசு அடிப்பதுபோல் அடித்து
நீலத்திரைக்குள் போனேன்.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று,
கொருக்குப்பேட்டை கேட் மூடிய நாளில்
சந்து சந்தாய்ச் சுற்றுகிற மாதிரி.
கடைசியில் இருந்தது அந்த வரி.
மெய்நிகராக்கம்: முடக்கம்.
தொழிற்சாலையில் யாரோ வைத்துவிட்டுப் போனது.
ஆறு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.
அதுவும் சொல்லவில்லை.

மாற்றினேன். சேமித்தேன்.
வெறும் ரீபூட் போதாது, ஒயரைப் பிடுங்கிப்
பத்து எண்ணு என்று எங்கோ படித்த ஞாபகம்.
இருபது எண்ணினேன்.

பதினாறு.

கே.வி.எம் மாட்யூல் ஏறியிருந்தது.
சாதனக் கோப்பும் இருந்தது, ஆனால்
என்னைத் தொடவிடவில்லை;
குழுவில் என் பெயரைச் சேர்த்து
வெளியே போய் உள்ளே வந்தபின் விட்டது.
சரிபார்க்கும் கட்டளை
தேறியது தேறியது தேறியது என்று இறங்கிவந்து
ஒரே வரியில் எச்சரித்தது:
ஐ.ஓ.எம்.எம்.யூ இல்லை.
இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.
எந்த எச்சரிக்கைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

முதல் மெஷினுக்கு
இரண்டு கோர், நாலு ஜிபி, கொஞ்சம் வட்டு.
பெயர் கேட்டது. காசிமேடு என்று வைத்தேன்.
பதினொன்றரைக்கு எழுந்தது.
தனக்கென்று ஒரு கடிகாரம், ஒரு முகவரி.
உன் மின்விசிறி எங்கே என்றால் மட்டும் தெரியாது.

கடைசிச் சோதனை.
வெளி மெஷினைக் கேட்டேன்: எதற்குள் இருக்கிறாய்?
எதற்குள்ளும் இல்லை.
காசிமேட்டைக் கேட்டேன்.
கே.வி.எம் என்றது.
ஒரு விநாடிகூட ஆகவில்லை.

போன வருஷம் சிறுசேரியில் ஒரு நேர்காணல்.
கண்ணாடி அறை, மூன்று பேர், பாட்டிலில் தண்ணீர்.
லினக்ஸ் பற்றி எல்லாம் கேட்டு முடித்து
எழுந்துகொள்ளும்போது ஒருவர் சிரித்தபடி,
"எந்த ஏரியா நீங்க?"
"சென்ட்ரல் பக்கம்" என்றேன்.
சென்ட்ரலில் எங்கே என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில்
பேருந்திலேயே தயார் செய்திருந்தேன்.

பிறந்து நாலு நிமிஷம் ஆன மெஷின்.
கட்டளையை இன்னொரு தடவை ஓட்டினேன்,
தேவையில்லை, சும்மா.
கே.வி.எம்.

டப்பா நிரம்பி வழிந்தது.
ஜன்னல் வழியே கொட்டப் போனால்
கீழே வாட்ச்மேன் சிமியோன் கட்டில் போட்டிருந்தார்.
கழிவறை வரை ததும்பத் ததும்பத் தூக்கிப்போய் ஊற்றினேன்.

இன்னும் இரண்டு குடிவைக்க வேண்டும்.
அடுத்ததற்குப் பெயர் கேட்டது.
முல்லை நகர் என்று அடித்தேன்,
வியாசர்பாடியில் எங்கள் தெரு இருக்கும் இடம்.
பெயருக்கு நடுவே இடைவெளி கூடாது என்றது.
சேர்த்தே அடித்தேன்.